கொடையாளர் வாங்கு

மாதம் இரண்டு தடவையாவது வரும்:
“அன்புள்ள சத்தியரூபி, நீங்கள் எங்கள் குடும்பம்.”
நூற்றாண்டு விழாவுக்கு, மண்டபக் கூரைக்கு,
ஒருமுறை நீச்சல் தடாகத்துக்கு.
போன வருடம் ஒரு வாங்குக்குக் கொடுத்தேன்.
மகளின் டியூஷன் காசு அது.

இன்று தும்முல்லைச் சந்தியில் 154இல் இறங்கி
பரீட்சைக் கிளையின் கம்பி யன்னலில் நிற்கிறேன்.
பெறுபேற்றுத் தாள் ஒன்று வேண்டும்,
கட்டாரில் வேலைக்கு.
“அப்படி ஒருவர் இங்கே படிக்கவில்லை, மிஸ்.”
கோப்பில் என் பெயருக்கு ஓர் ‘எச்’ குறைவாம்,
அடையாள அட்டையில் கூடவாம்.
சத்தியரூபிக்கு ஒரு சத்தியக் கடதாசி,
சமாதான நீதவான் கையொப்பம்,
திங்கள் வாங்கோ.

காசு கேட்கும்போது பெயர் பிழைக்கவில்லையே
என்று சிங்களத்தில் சொல்லப் போனேன்.
வினைச்சொல் பிழைத்துவிட்டது.
அவளுக்குச் சிரிப்பு.
தானும் இங்கேதான் படித்தவளாம்,
தனக்கும் அந்தக் கடிதம் வருமாம்,
திறப்பதில்லையாம்.

வெளியே மழை.
படிக்கட்டோரம் ஒரு வாங்கு,
சாய்மானத்தில் வெள்ளைப் பெயின்டில்
பதினொரு பெயர்கள்.
ஏழாவது நான். எச் சரி.
ஈரக் குடையை அதன்மேல் சாத்திவிட்டு
மற்ற முனையில் இருந்தேன்,
யாரோ கொடுத்த இடத்தில் இருப்பதுபோல.