சார்வு

தார்த்து நகரத்து மேட்டில் உச்ச நீதிமன்றம்.
தாப்பாவில் ரயில் மாறி வந்தேன்.
"வரவே வேண்டாம்" என்றிருந்தாள் வக்கீல் மாரே.
"அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை.
காகிதம் போகும், காகிதம் திரும்பும்."
இருந்தாலும் வந்தேன்.
பதினோரு வருஷம்.
வாசற்படியையாவது மிதிக்க வேண்டாமா?

வீட்டைப் பற்றி இங்கே கேள்வியே இல்லை.
தாலினில், குங்லா தெருவில், மாடி வைத்த மரவீடு.
அரசாங்கம் பறித்தது,
அரை நூற்றாண்டு கழித்து
அரசாங்கமே திருப்பித் தந்தது,
உள்ளே குடியிருந்த சல்மே ஊய்போவையும்
அவள் பியானோவையும் சேர்த்து.
அந்தச் சதையையெல்லாம்
கீழ்க் கோர்ட்டுகள் தின்று தீர்த்துவிட்டன.
மிச்சம் ஒரே எலும்பு:
தீர்ப்பு எனக்குச் சார்வு ஆனது எந்தத் தேதியில்?

தபால்காரர் அதைத் தாவா வீட்டுக்கே கொண்டுபோனார்.
உறைமேல் என் பெயர்.
ரசீதில் ஊதா மையில் அவள் கையெழுத்து.
பிப்ரவரி ஒன்பது.

மார்ச் இருபத்திரண்டில்
புகைபோக்கி விரிசலைப் பார்க்கப் போனேன்.
சொத்துக்காரன் என்கிற முறையில்
அந்தக் கடமை மட்டும் எனக்கு எந்தக் கோர்ட்டிலும் தோற்கவில்லை.
"உங்களுக்கு வந்தது, ஹெல்துர்.
ஈரம் படாமல் அடுப்பு மேல் வைத்தேன்."
தான் ஜெயித்த செய்தி உள்ளே இருக்க,
ஒட்டுகூடப் பிரிக்கவில்லை.
நாற்பத்தொரு நாள்.
சட்டம் கொடுத்தது முப்பது.

"எழுதுங்கள்" என்றாள் மாரே.
"அது என் வசிப்பிடம் அல்ல.
தபால்பெட்டி எனதல்ல.
என் செருப்பு ஒரு ஜோடிகூட அங்கே கிடையாது."
எல்லாம் சத்தியம்.
எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்து.
வீடு வேண்டுமென்றால்
முதலில் அங்கே நான் யாருமில்லை என்று ஒப்ப வேண்டும்.

சல்மேயின் வக்கீல் சும்மா இருப்பானா?
பதினோரு வருஷம் "இவர் யார்?" என்று கேட்ட அதே வாய்
இப்போது எழுதுகிறது:
கனம் நீதிபதிகளே, அது அவர் வீடேதான்.
கதவில் அவர் பெயர்ப்பலகை,
அவரே ஆணி அடித்தது.
இதோ புகைப்படம்.

புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தது.
பித்தளை பளபளத்தது.
நான் ஒருநாளும் துடைத்ததில்லை.

உள்ளே, கண்ணாடிக்கு அப்பால்,
சளி பிடித்த ஒரு பெண் படிவத்தை நீட்டினாள்.
"முகவரியை உறுதி செய்துகொள்கிறோம்.
இனி அறிவிப்பு எங்கே வர வேண்டும்?"
குங்லா என்று பாதி எழுதிவிட்டது கை.
அடித்தேன்.
ராக்வெரே, தங்கை வீடு, மூன்றாம் மாடி.
அஞ்சல் எண் ஞாபகம் வரவில்லை.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருந்தாள்.
பிறகு இரக்கத்தோடு சொன்னாள்:
"பரவாயில்லை ஐயா,
பழைய முகவரி எங்களிடம் இருக்கிறது."