இருபத்து மூன்று மில்லிமீட்டர்

பதினெட்டு வருஷம்
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில்
மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தவள் நான்.
முடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
என் கண்ணுக்குத் தப்பாது.
பச்சைத் தட்டு என்றால் போகலாம்.
மஞ்சள் என்றால் திருத்தலாம்.
சிவப்புக்குப் பேச்சில்லை.

இதைக் கண்டது கண் இல்லை, கை.
குளிக்கும்போது, இடப்பக்கம்,
அக்குளுக்குச் சற்றுக் கீழே
ஊறிய மொச்சை மாதிரி ஒன்று.
ஷிஃப்ட் மாறட்டும்,
மகள் எஸ்பிஎம் எழுதி முடிக்கட்டும் என்று
ஏழு வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது வேறொருத்தி
ஏதோ ஒரு லேப்பில்
என்னைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் குனிந்திருக்கிறாள்.
அவளுக்கும் கழுத்து வலிக்குமா?
பிரேக் மணி அடித்ததும்
என்னைப் பாதியில் விட்டுவிட்டு
தே ஓ குடிக்கப் போனாளா?

எண் மூவாயிரத்து நாற்பத்தேழு, அறை ஆறு.
டாக்டர் சியூவுக்குப் பூசி மெழுகத் தெரியாது.
அதனாலேயே பிடித்துப்போனது.
கேன்சர் என்றார்.
மிஸ்ஸி புனிதமலர் அதையே தமிழில் சொன்னாள்.
ஒரு மொழியில் இருப்பது
இன்னொன்றில் இல்லாமல் போகுமோ என்று
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹார்மோன் பாசிட்டிவ். அது நல்லது."
நல்லதா, டாக்டர்?
"மாத்திரை சொன்னால் கேட்கும் ரகம்."
சரி,
வீட்டில்தான் யாரும் கேட்பதில்லை,
இதாவது கேட்கட்டும்.

பிறகு காகிதத்தைத் திருப்பி
இரண்டு வட்டம் போட்டார்.
ஒன்றில் கட்டியும், அதைச் சுற்றி மெல்லிய விளிம்பும் மட்டும்;
அப்புறம் மூன்று வாரம் கதிர்வீச்சு,
சனி ஞாயிறு லீவு.
மற்ற வட்டத்தை முழுசாக அடித்துவிட்டார்.
"உங்கள் நிலையில் ஆயுள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.
யோசிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.
இரண்டு மாதம் வேண்டாம்."

மஞ்சள் தட்டு. சிவப்புத் தட்டு.
இத்தனை வருஷத்தில் ஒரு சிப்பிடமும்
உனக்கு எது வேண்டும் என்று
நான் கேட்டதில்லை.

கேட்காமலே சொல்ல ஆளிருந்தது.
நாத்தனார் முள்சீத்தா இலை ஒரு கட்டு கொண்டுவந்தாள்.
எதிர் பிளாட் தேவகுஞ்சரி
தண்ணீர்மலைக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள், என் பெயரில்.
எடுத்துப் போட்டுடுங்க அக்கா, நிம்மதி
என்றான் சூப்பர்வைசர்.
யாருடைய நிம்மதி என்று கேட்க வந்து
அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு உள்ளே போனேன்.
பால்குடம் எடுப்பேன்.
இலைக் கஷாயத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

குணாளன் பத்து நாள் ஒன்றும் பேசவில்லை.
நள்ளிரவில் மோட்டாரைக் கழுவினார்.
மறுநாள் இரவு, கழுவிய மோட்டாரையே கழுவினார்.

இரண்டாம் தடவை போனபோது
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
அவர் கேட்ட ஒரே கேள்வி:
"இவ இடப்பக்கமாத்தான் படுப்பா, டாக்டர்.
சுவரப் பாத்து.
எத்தன நாளைக்கு முடியாது?"

நான் எழுதிப் போயிருந்தேன் பதினாறு கேள்வி.
விளிம்பு சுத்தமாக வராவிட்டால்?
(மறுபடி வெட்டுவோம்.)
முடி கொட்டுமா?
(கீமோ வேண்டுமா என்பதே அறுவைக்குப் பிறகுதான் தெரியும்.)
கை வீங்குமா, எவ்வளவு ரிங்கிட், எத்தனை நாள் எம்சி.
இது அதில் இல்லை.

டாக்டர் பேனாவை மூடினார்.
சில வாரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும்,
தலையணை அணைத்துக்கொண்டால் சீக்கிரமே, என்றார்.

அன்று இரவே குணாளன்
தலைமாட்டைக் கால்மாடாக்கிக்
கட்டிலைத் திருப்பிப் போட்டார்.
இப்போது வலப்பக்கம் ஒருக்களித்தாலும் சுவர்தான்.
பழைய பல்லிக் கறைகூட
மூக்குக்கு நேராக.

மஞ்சள் என்று கையெழுத்துப் போட்டேன்.
திருத்தியதெல்லாம் தேறுவதில்லை,
எனக்குத் தெரியாததா?
தேறியதும் எத்தனையோ
இந்தக் கையால்தான் போயிருக்கிறது.

வேலையில் கடைசி நாள்
ஸ்டீல் அளவுகோலை எடுத்து
இருபத்து மூன்றைத் தேடிப் பார்த்தேன்.
இவ்வளவுதானா என்று இருந்தது.
இவ்வளவா என்றும் இருந்தது.

என் இடத்துக்கு வந்த பெண் குள்ளம்.
ஸ்டூலை ஏற்றிக்கொள், பரவாயில்லை என்றேன்.
அதற்கு முன் தண்டில்
என் உயரம் நிற்கும் இடத்தில்
சிவப்பு டேப் ஒரு சுற்று.
இல்லை, பிய்த்துவிட்டு
மஞ்சள்.