ஐந்தாவது நிரல்

செவ்வாய் பதினொரு மணிக்கு
கடற்றொழில் அலுவலகத்திலிருந்து ரிஸ்மியா வந்தா.
தோளில் கிண்ணியா பஸ்ஸின் புழுதி,
பிளாஸ்டிக் உறைக்குள் வர்த்தமானி.
"உங்கட கடைக்கு மட்டுமில்ல அண்ணன்,
உவர்மலை வரைக்கும் எல்லாக் கடைக்கும் போறன்"
சொல்லிக்கொண்டே தொட்டிகளை எண்ணத் தொடங்கினா.

கப்பி பிழையில்லை. தங்கமீன் பிழையில்லை.
போத்தலுக்கு ஒன்றாய் அடைபட்ட சண்டைமீனும் பிழையில்லை.
பிரானா கூடாது.
கத்திமீன் கூடாது.
முதலை மூஞ்சியுள்ள கார் மீன் கூடாது:
விற்க, வளர்க்க, ஏற்றிப் போக,
குளத்திலோ வாய்க்காலிலோ விட.
கடைசிச் சொல்லின் கீழ் மட்டும்
பேனையால் இரண்டு தரம் கோடு போட்டா.

வாசலில் ஒரு மான்
என் விலைப்பட்டியலைத் தின்றுகொண்டு நின்றது.

இந்த இடத்தில் ஒரு கவிதை சுலபமாக வரும்.
"இவ்விடத்துக்கு உரியதல்ல" என்று ஒரு தாள் சொல்வதை
நான் முன்பும் கேட்டிருக்கிறேன்.
சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி
அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தவன்
மீனின் கட்சியில்தானே நிற்கவேண்டும்.
நின்றுகூடப் பார்த்தேன், இரண்டு வரிக்கு.

ஆனால் போன ஞாயிறு
கந்தளாய்க் குளக்கட்டில்
விமலசிறி வலையைக் கொட்டிக் காட்டினான்.
திலாப்பியா நாலு.
(அதுவும் வந்ததுதான். அதைப் பொரிக்கிறோம்,
ஆகவே பேசுவதில்லை.)
மிச்சமெல்லாம் டேங்க் கிளீனர்,
தார் உடைந்த ரோட்டுத் துண்டுகள் போல,
நாய் மோந்துவிட்டுப் போகிற மீன்.
முள் சிக்கிய ஒவ்வொன்றுக்கும்
ஒரு கண்ணியை அறுக்கவேண்டும்.
அவன் கத்தியால் அறுத்துக்கொண்டே
சிங்களத்தில் ஏதோ சொன்னான்.
எனக்கு விளங்கியது.
விளங்காதவன் மாதிரி சிகரெட் பற்றவைத்தேன்.

புதன்கிழமை மாலை தவபாலன் ஓட்டோவில் வந்தான்.
ரிஜிபோம் பெட்டிக்குள் மூன்றடி நீளம்,
பழைய பித்தளை நிறம்,
வாலை மடித்துப் படுத்திருந்தது.
விரலளவில் விற்றவன் நான்.
"இதுக்கு மேல வளராது" என்று சொன்னவனும் நான்.
"மகள் குட்டியா என்டு கூப்பிட்டா
மேல வரும் அண்ணை.
கன்னியாப் பக்கம் ஒரு மடு கிடக்கு,
ராவைக்கு விட்டிட்டு வரட்டே?"

பல்வலிக்கு வைக்கிற கிராம்பு எண்ணெய்.
ரிஸ்மியா போனில் சொன்ன அளவு.
முதலில் செவுள் வேகமாக,
பிறகு மெதுவாக,
பிறகு நாங்கள் இரண்டு பேரும்
செவுளைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தோம்.
கடை முழுக்கப் புரியாணி மணந்தது.
தவபாலன் பெட்டி மூடியைக் கையில் வைத்திருந்தான்,
மூடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

வியாழன், படிவம் வாங்க அவ வந்தா.
இனம். எண்ணிக்கை. கொள்வனவுத் திகதி. அகற்றிய முறை.
ஐந்தாவது நிரல்:
முன்னர் நீர்நிலைகளில் விடப்பட்டவை, இருப்பின்.

"எல்லாரும் இல்லை என்டுதான் போடுற" என்றா,
பேனையை நீட்டியபடி.

அப்போது என் கடை கந்தளாய்ச் சந்தியில்.
வெள்ள வருஷம்.
கரண்ட் போய் மூன்றாம் நாள்,
பம்ப் நின்று, தண்ணீர் நாறி,
மேலே வந்து வாய் திறந்த டேங்க் கிளீனர்களை
வாளியோடு வாய்க்காலில் கவிழ்த்தேன்.
போய்ப் பிழையுங்கோ என்றும் சொன்னேன்.
அன்றிரவு நிம்மதியாய் நித்திரை வந்தது,
அதுதான் இப்போது உறுத்துகிறது.

"எத்தனை?"
"அஞ்சு."
நிமிர்ந்து பார்த்தா. எழுதினா.
ஒன்றும் கேட்கவில்லை, தண்டம் பற்றியும் சொல்லவில்லை.
ஒப்பம் வைக்கக் குனிந்தேன்.
விரலில் இன்னும் கிராம்பு மணத்தது.