வாய் மூடியிருக்கிறதா

இரவு ஷிஃப்டில், பன்னிரண்டு மணி வாக்கில்
வீட்டுக்கு அழைத்து நான் கேட்பது இது ஒன்றைத்தான்:
வாய் மூடியிருக்கிறதா?
தமிழ் தெரியாத ரோஸலிண்டாவுக்கு
ஒருநாள் பொருள் சொன்னேன்.
கணவரையா கேட்கிறாய் என்றாள்.

இல்லை. அனிமோனை.
வாய் திறந்து கிடந்தால் நோய்.
இறுக மூடியிருந்தால்
இன்றைய பொழுது போயிற்று என்று அர்த்தம்.

வினிபெக்கிலிருந்து ஆகப் பக்கத்து உப்புத்தண்ணீர்
ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே
உறைந்து கிடக்கிறது.
எங்கள் கடல் இருநூற்றிருபது லிட்டர்,
வாளி வாளியாய் நாங்களே கரைத்தது.

வேலையில் நான் டயாலிசிஸ் மெஷின் பக்கம் நிற்பவள்.
அந்நியர் ரத்தத்தில் உப்பு ஏறுவதையும் இறங்குவதையும்
பன்னிரண்டு வருஷமாய்ப் பார்க்கிறேன்.
அதனால் சேந்தனுக்கு இதை மட்டும்
நான் ஒரு தடவைக்கு மேல் சொல்ல விரும்பவில்லை:
ஆவியாய்ப் போவது தண்ணீர்.
உப்பு எங்கேயும் போகாது.
குறைந்ததற்கு நல்ல தண்ணீரை ஊற்று,
கடலை ஊற்றாதே.
(மூன்று தடவை சொன்னேன்.)

பெம்பினா சாலையில் மீன் விற்கிற ரோமெல்
எட்டு மாதம் எங்களுக்கு அதைத் தரவில்லை.
தொட்டிக்கு வயசு போதாது என்றான்.
காசை நீட்டியும் தரவில்லை.
எட்டு மாதம் கல்லைப் பார்த்தோம்,
கல்லின் மேல் பழுப்புப் பாசியைப் பார்த்தோம்.
வந்தவர்கள் மரியாதைக்கு நல்லாயிருக்கு என்றார்கள்.

வந்தது.
விரல் நுனியெல்லாம் குமிழ் குமிழாய்,
வறுத்த அப்பளத்தின் நிறத்தில்.
கார் டயர் வாங்க வைத்திருந்த பணத்தில் வாங்கிய விளக்கு,
அதன் நட்டநடு வெளிச்சத்தில்
மேட்டுக் கல்லில் உட்காரவைத்தோம்.

காலையில் கல் மட்டும் இருந்தது.

ஒற்றைப் பாதம்தான், ஆனாலும் நடக்கிறது.
இரவோடு இரவாகக் கல்லைச் சுற்றி
சுவரோரம், யாரும் பார்க்க முடியாத பொந்தில்
போய் ஒட்டிக்கொண்டது.
சேந்தன் கையை விட்டுப் பிரிக்கப் போனான்.
போனில் ரோமெல் அலறினான்:
பாதம் கிழிந்தால் முடிந்தது.
கையை எடு.
பம்ப்பின் வாய்க்குப் பஞ்சுத் தொப்பி போடு,
நடக்கிறது என்றால் அங்கேயும் நடக்கும்.

முதல் தடவை அது சுருங்கியபோது
மாடிப்படியில் நின்று எனக்கு அழைத்தான்.
செத்துப்போச்சு.
மோந்து பார் என்றேன்.
நீண்ட நேரம் சத்தமில்லை.
கடல் வாசம்தான் வருது.
அப்படியானால் கழிக்கிறது, தனியாக விடு.

ஜனவரியில் கரண்ட் போனது.
வெளியே மைனஸ் முப்பத்துநான்கு.
தொட்டிக்கு எங்கள் மெத்தை விரிப்பு,
எங்களுக்குக் கோட்டு.
பாட்டரிப் பம்ப் விக்கல் எடுத்தது.
கீழ்வீட்டு ஓரெஸ்ட், காஸ் அடுப்பில் சுடவைத்த தண்ணீரை
ஊறுகாய் ஜாடிகளில் அடைத்து
பைஜாமாவோடு தூக்கிவந்தார்.
ஜாடியை மிதக்கவிடுவோம், ஆறியதும் எடுப்போம்.
இருபத்தைந்தரை. இருபத்துநான்கு.
இருபத்துமூன்றில் நின்றது,
ஐந்து மணிநேரம்.

எதற்காக இத்தனையும் என்று அவர் கேட்கவில்லை.
எங்கே அது என்றுதான் கேட்டார்.
பின்னால் என்றோம்.
அறுபத்தெட்டு வயது மனிதர்
கன்னத்தைச் சுவரில் அழுத்தி
டார்ச்சை ஓரமாய்ச் சாய்த்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
ஓ, என்றார். அவ்வளவுதான்.

மார்ச்சில் அது தன்னையே
நடுவில் பிளந்துகொண்டது.
பயத்திலா நிறைவிலா தெரியாது.
இரண்டுக்கும் பிளக்குமாம், ரோமெல் சொல்கிறான்.
ஒரு பாதி பொந்தில்.
மறுபாதி இத்தனை நாள் காலியாய்க் கிடந்த
மேட்டுக் கல்லுக்கு ஏறிவந்திருக்கிறது,
நாங்கள் விளக்கின் நேரத்தைக் குறைத்த பிறகு.

இன்றும் பன்னிரண்டு மணி.
வாய் மூடியிருக்கிறதா?

எது வாய், என்கிறான்.