கெண்டை

காரணம்பேட்டை தாண்டி ஒரு மில்.
மூன்றாம் ஷிப்ட், அதிகாலை மூன்று மணி.
பதினேழாம் ஃபிரேமுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
கருணாம்பிகை உட்கார்ந்துவிட்டாள்.
விழவில்லை.
யாரோ காலைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி.
"கெண்ட பெரண்டுருச்சுங்க்கா."

நான் லேப்காரி.
நூலை இழுத்து அறுத்து
எத்தனை கிராமில் அறுந்தது என்று எழுதுகிறவள்.
அவள் பாதத்தை முகம் பார்க்க மடக்கி அழுத்தினேன்.
தோலுக்கடியில் துள்ளியது.
நொய்யலில் மீன் பார்த்து எத்தனையோ வருசம்.
ஷிப்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கும் காலில்
ஒரு கெண்டை தப்பிக் கிடக்கிறது.

சிங்காநல்லூர் இஎஸ்ஐ. டோக்கன் எழுபத்தொன்று.
பிசியோதெரபி அறையில் ஃபஸீலா என்றொரு சின்னப் பெண்,
சுவரில் தோலுரித்த மனிதனின் படம்.
பென்சிலால் ஆடுசதையைத் தொட்டுச் சொன்னாள்:
மேலே ஓர் உறை,
உறைக்குள் கட்டுக்கட்டாய்,
கட்டுக்கு ஒரு சவ்வு,
கட்டுக்குள் மயிரிழைத் தடிமனில் நார்கள்.
எனக்கு வாய் சும்மா இருக்காது.
"சிப்பத்துக்குள்ள கோனு, கோனுக்குள்ள நூலு,
நூலுக்குள்ள பஞ்சு. தெரியுமே."
"பஞ்சுக்குள்ள?" என்றாள்.

அதற்குமேல் எங்கள் மில்லில் இல்லை.

நாருக்குள்ளே நூற்றுக்கணக்கில் நுண்நார்.
அதற்குள்ளே தடித்த இழையும் மெல்லிய இழையும்
மாறி மாறி,
இரண்டு சீப்பின் பற்களை
எதிரெதிரே செருகிய மாதிரி.
தடித்ததற்கு ஏகப்பட்ட குட்டிக் கைகள்.
மெல்லியதைப் பிடிக்கும், இழுக்கும், விடும்,
அடுத்த இடத்தைப் பிடிக்கும்.
தாம்புக்கயிறை மாற்றி மாற்றி
இழுப்பதைப் போல.
"எந்த இழையும் சுருங்கறதில்லக்கா.
ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கிட்டுப் போகுது.
வெளிய இருந்து பாக்கறவங்களுக்குச்
சதை சுருங்குது."

எங்கள் நூலில் இழை வழுக்கினால்
'அறுந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
இங்கே வழுக்குவதுதான் வேலையாம்.

இன்னொன்றும் சொன்னாள்.
தசைக்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டுந்தான்.
டிராலியைத் தள்ளுகிறோமே,
அப்போதும் முழங்கைக்குப் பின்னால் ஒன்று
எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.
நான் என் கையைத் தடவிப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருசத்தில் ஒன்றையுமே
தள்ளியதில்லையா நான்?

"அப்பறம் ஏனுங் இப்பிடிப் பிடிச்சுக்குது?"
கருணாம்பிகை கேட்டாள்.
தண்ணி, உப்பு, தூக்கம், நடை.
ஃபஸீலா விரலை மடக்கினாள்.
பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே,
"பிடிச்சதை விடறதுக்கும் சத்து வேணும்க்கா.
ஒவ்வொரு குட்டிக் கைக்கும்
விடறதுக்கு ஒரு கூலி.
உசுரு போனா கூலி நின்னுடும்,
பிடிச்சது பிடிச்சபடி நிக்கும்.
செத்தவங்க உடம்பு வெறைக்கறது அதனாலதான்."

கருணாம்பிகை காலை இறக்கிக்கொண்டாள்.
"எங்கூட்டுக்காரரு காட்டுல விழுந்து கெடந்தப்ப
கையில வெள்ளாட்டுக் கயிறு இருந்துச்சுங்.
மூணு பேரு சேந்தும் வெரலு பிரியல.
கயித்தை அறுத்துத்தான் ஆட்டை ஓட்டியாந்தாங்க.
மிச்சக் கயித்தோடயே அனுப்பி வெச்சோம்.
போக மனசில்லையாட்ட இருக்குதுன்னு
ஆறு வருசமா நெனச்சுட்டிருந்தனுங்.
விடறதுக்குத் தெம்பு பத்தலயாட்ட."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
எழுபத்திரண்டு வாசல்வரை வந்து
எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குக் கொடுத்தேன்.
மாத்திரைச் சீட்டையும் டிக்கெட்டையும்
ஒன்றாய்ப் பொத்திப் பிடித்திருந்தாள்.
சூலூர் தாண்டித் தூங்கிப்போனாள்.
முதலில் சுண்டுவிரல், அப்புறம் மற்றவை,
மடியில் கை தானாய் விரிந்தது.
டிக்கெட் காலடியில் விழுந்தது.
குனிந்து எடுத்து
என் பையில் வைத்துக்கொண்டேன்.