உள்மூலை

சாக்கில் சுற்றி, இரண்டு துண்டாக
சோமனூரிலிருந்து வந்தது தறியின் தண்டு.
"திடீர்னு போயிருச்சுங்க" என்றார் சென்னியப்பன்,
"நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

ஆவாரம்பாளையத்தில் என் மேசை.
எதிரே வார்ப்புப் பட்டறை; மதியத்துக்கு மேல்
தேநீரிலும் கரிமணல்.
முறிந்த முகத்தை மண்ணெண்ணெயில் துலக்கி
விளக்கடியில் சாய்த்தேன்.

திடீரென்று எதுவுமில்லை அதில்.

விட்டம் குறுகும் படி.
அதன் உள்மூலையில் எள்ளளவு பிறப்பிடம்.
அங்கிருந்து வரிவரியாக,
சூலூர்க் குளம் வற்ற வற்ற
விட்டுப்போகும் கரைகள்.
கடைசியில் மட்டும் ஒரு ஓரம்
உடைத்த வெல்லம்போல் சொரசொரப்பாக.
நேற்று போனது அவ்வளவுதான்.

"கோடெல்லாம் என்னுங்க?"
தறி நின்று கிளம்பிய நாள்கள்.
"இந்தக் கறுத்தது?"
நான் சொல்லுமுன் அவரே விரல் வைத்தார்.
"கூலி ஒசத்தக் கேட்டு நிறுத்துனமே,
முப்பத்தெட்டு நாளு. மழை வேற."
திறந்த வாய்க்குள் துரு இறங்கியிருந்தது.
பேச்சுவார்த்தை முடிந்து பட்டன் அமுக்கியதும்
நிமிடத்துக்கு நூற்றைம்பது தரம்
திறந்து மூடி, திறந்து மூடி,
ஒரு தரத்துக்கு
மயிரிழையில் நூறில் ஒரு பங்குகூட நகராமல்.

ஷிப்டு விட்டதும் நால்ரோட்டு முக்கில்
அத்தனை பைக்கும் உள்வளைவை ஒட்டியே திரும்பும்.
பாரமும் அப்படித்தான்.
முக்கு கூராக இருந்தால்
நெரிசல் எல்லாம் ஒரே புள்ளியில்.

ரேடியஸ் கேஜின் ஆகச் சிறிய இதழை வைத்தேன்.
அரை மில்லிமீட்டர்.
உட்காரவில்லை. அடியில் வெளிச்சம்.

"லேத்துக்காரனச் சொல்லிக் குத்தமில்லைங்க.
கத்தி கணக்கா முக்கு வேணும்னு
நான்தான் நின்னு வாங்கினேன்.
பேரிங் ஒட்டி உக்காரோணுமுல்ல."

கொஞ்ச நேரம் கழித்து,
"தறிச் சட்டத்துலயும் ஒரு விரிசல் இருக்குதுங்க.
நுனியில டிரில் போட்டு உட்டோம்.
ஆறு வருசம், ஒரு நூலு நகரலை.
ஓட்டை போட்டா நிக்குது,
ஒழுங்கா கடைஞ்சா ஓடுது. அதெப்படி?"

வட்டத்தில் அதற்குக் கால் ஊன்ற இடமில்லை என்றேன்.
பாதிதான் சரியான பதில்.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு
இரண்டு வரி இடம்.
உள்மூலையில் ஆரம் போதாது, என்று எழுதினேன்.
இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது.

துண்டுகளைச் சாக்கில் சுற்றியவர்
முடிச்சுப் போடாமல் நின்றார்.
"மத்த பதினஞ்சு தண்டும்
அன்னிக்கே கடைஞ்சதுங்க" என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.
நாலே கால்.
அங்கே தறி ஓடிக்கொண்டிருக்கும்.