உள்ளவர்

நாற்பத்தொரு வயதில் ஒரு கடிதம்.
நான்கு பக்கம், ஜெர்மனில்.
கடைசியில் டாக்டர் வூத்ரிச்சின் கையெழுத்து,
தண்டவாளம் பிரிகிற இடம் போல.

மூன்றாம் வரியிலேயே இருந்தது: ஷ்டோருங்.
அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
பீல் நிலையத்தில்
சொலதூர்ன் ரயில் வராத காலைகளில்
நீலப் பலகையில் ஓடும்.
கோளாறு, பொறுத்தருள்க.
இருபத்திரண்டு வருடத்தில்
என்னால் ஒரு ரயிலும் பிந்தியதில்லை.

மொழிபெயர்க்க வந்த பிரசாந்தினி நல்ல பிள்ளை.
காயம்படாத சொல்லாய்த் தேடி எடுத்தாள்.
"மன இறுக்கம், அக்கா."
இறுக்கமா?
குளிர்பெட்டி இரைவதும்
மேல்மாடிக்காரர் கரண்டி வைப்பதும்
உன்னுடைய காப்புகள் உரசுவதும்
கேட்காமலே உள்ளே வந்து குந்தியிருக்கின்றன பிள்ளை.
ஒரு யன்னலுக்கும் கொளுக்கி இல்லாத வீடு இது.

அடித்துவிட்டு எழுதினாள்:
ஆட்டிசம் உள்ளவர்.
ஆளை முன்னுக்கு வைக்கிறதுதான் மரியாதையாம்.
எங்கள் மொழியில் என்ன செய்தாலும்
ஆள் கடைசியில்தான் வருகிறாள்,
கலியாணப் பந்தியில் சமைத்தவள் போல.
இருவரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.

அவள் போனபிறகு யோசித்தேன்.
என்னை யாரும் தமிழ் உள்ளவள் என்றதில்லை.
இடதுகை எல்லாருக்கும் உண்டு,
நான் இடக்கைக்காரி.
உடுவில்காரி.
கிறென்சன் லோன்றியில் விடியப்புற வேலைக்காரி.
காய்ச்சல் உள்ளவளுக்கு நாளைக்கு மாறும்.
காசு உள்ளவள் தொலைத்துவிடுவாள்.
இது தொலைந்தால்
தேடிப்போக நான் இருக்கமாட்டேன்.

முந்தி வைத்த பெயர்களுக்கு
ஒருவரும் நான்கு பக்கம் எழுதவில்லை.
ஊமைக்கொட்டான். தலைக்கனம்.
கலியாணம் குழம்பிய அன்று சித்தப்பா சொன்னதை
இதில் எழுதமாட்டேன்.

பின்னேரம் ஆற்றங்கரையால் நடந்தேன்.
இந்த ஊருக்கே இரண்டு பெயர், பீல், பியென்,
தெருப்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்று.
ஆற்றுக்கும் இரண்டு.
எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும்
அது திரும்பிப் பார்ப்பதில்லை.
சின்னதில் என்னையும் அப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து
பிரசாந்தினி எழுதிய தாளை எடுத்து
முதற்சொல்லைப் பெருவிரலால் மறைத்துப் பார்த்தேன்.
உள்ளவர்.

விரலை எடுத்தேன்.
மற்றதும் அங்கேயே இருந்தது.
இருக்கட்டும்.

காப்புறுதிக் காகிதங்களோடு வைத்துவிட்டு
மணிக்கூட்டை நாலேகாலுக்குத் திருப்பினேன்.